டிசம்பரில் கலங்கும் மகன்: போய் அழைத்து வந்துவிடலாமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வசிக்கும் ஒரு தாய் எழுதிய கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இவருக்கு ஒரே மகன். வயது 19. டெக்சாஸில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். அப்பாவின் மென்பொருள் வேலைக்காகச் சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஓர் ஊருக்கு இவர்கள் குடிவந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. பள்ளி, கூடைப்பந்து, பக்கத்து வீடு என்று அவன் வளர்ந்த உலகத்தில் பெரும்பாலும் மார்மன் என்ற சபையைச் சேர்ந்த குடும்பங்கள்தான். பதினேழாவது வயதில், தானும் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெறப்போவதாகச் சொன்னான். வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினெட்டு முடிந்ததும் மிஷனுக்கு, அதாவது வேறு ஊரில் தங்கிச் சபையின் போதனையைப் பரப்பும் முழுநேரத் தொண்டுக்கு, விண்ணப்பித்தான். ஜெர்மனி என்று அழைப்புக் கடிதம் வந்தது. மொழிப் பயிற்சி முடிந்து ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தவன், இப்போது கிழக்கே சாக்சனி மாநிலத்தில் ஒரு நகரத்தில் இருக்கிறான்.

முதல் மூன்று மாதம் உற்சாகமாகத்தான் இருந்திருக்கிறான். நவம்பர் கடைசியிலிருந்து ஆளே மாறிவிட்டான் என்கிறார் தாய். திங்கட்கிழமை வீடியோ அழைப்பில் முகம் வாடிக் கிடக்கிறது. "நாலு மணிக்கே இருட்டிடுதும்மா. யாரும் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. புதுசா வந்திருக்கற கம்பேனியனோட ஒரே ரூம்ல இருக்கறதே கஷ்டமா இருக்கு" என்று சொல்லி அழுதிருக்கிறான். கம்பேனியன் என்றால் கூடவே தங்கிப் பணிசெய்யும் ஜோடி மிஷனரி. அடுத்த நிமிடமே "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டான். கணவரோ, "அவனா கேட்டுப் போனான், முடிச்சுட்டு வரட்டும்" என்கிறார். இவருக்குத் தூக்கம் போய்விட்டது. டிசம்பர் 23-ஆம் தேதிக்கு பிராங்க்பர்ட் விமானம் பார்த்து வைத்திருக்கிறார், இன்னும் பணம் கட்டவில்லை. மகனிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை.

அவர் கேட்பது இவைதான்: நான் நேரில் போய் அவனை அழைத்துவர எனக்கு உரிமை உண்டா? அவர்கள் அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தால் என்ன செய்வது? அவனுக்கு மனநோய் வந்துவிட்டதா? பாதியில் திரும்பி வந்தால் இந்த ஊரில் அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாக் கேள்வியும் இருக்கிறது. அவன் என்ன விரும்புகிறான் என்ற கேள்வி மட்டும் இல்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, கோட் போட்டுக்கொண்டாயா என்று ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்கிறீர்கள். "அங்கேயே இருக்க ஆசையா, திரும்பி வர ஆசையா? எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், சொல்" என்று இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்பது புரிகிறது. "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அது. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது என்பதுதான் என் ஆலோசனை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. அதன் போதனை சரியா தவறா என்பதை இங்கே பேசப்போவதும் இல்லை. வீட்டைவிட்டு முதல்முறையாகப் பிரிந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் மனநலம், அவனுடைய உரிமை, உங்கள் குடும்பம் ஆகிய மூன்றும்தான் என் கவலை.

கேள்விப்பட்டதும் உண்மையும்

அக்கம்பக்கத்தில் கேட்டதை வைத்துச் சில விஷயங்களை உண்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றை முதலில் சரிசெய்துவிடலாம்.

உங்கள் மகன் கைதி இல்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் அந்தச் சபையின் முழுப்பெயர். அதன் முழுநேர மிஷனரிகள் உலகம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். எல்லோரும் தொண்டர்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு என்பது சபையின் ஏற்பாடு. சட்டப்படி அவனைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நாளைக்கே வருகிறேன் என்று சொன்னால் தடுக்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை. அமைதியாக யோசித்துப் பார் என்று சொல்வார்கள், சில நேரம் அழுத்தியே சொல்வார்கள். அது அறிவுரை, ஆணை இல்லை. பாஸ்போர்ட் அவன் கையில் இருக்கிறதா, அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள். எங்கே இருந்தாலும், கேட்டால் அது அவனிடம் வந்தாக வேண்டும். ஒருவேளை அதில் சிக்கல் வந்தால் பெர்லினில் அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

அதே காரணத்தால், அவனை அழைத்துவர உங்களுக்கும் சட்டப்படி உரிமை இல்லை. பதினெட்டு தாண்டியவன். வா என்று சொல்லலாம், கெஞ்சலாம்; வர வேண்டுமா என்று முடிவெடுப்பது அவன்தான்.

ஆண்டுக்கு இரண்டே முறைதான் பேசவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது அவர் காலத்துக் கதை. நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அன்னையர் தினத்தன்று ஒரு போன், கிறிஸ்துமஸ் அன்று ஒரு போன், மற்ற நாட்களில் வாரம் ஒரு மின்னஞ்சல். 2019 பிப்ரவரி 15 முதல் அது மாறிவிட்டது. வாரத்தில் ஒரு நாளை ஆயத்த நாள் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் மகன் பி-டே என்று சொல்கிற திங்கட்கிழமை அதுதான். துணி துவைப்பது, முடி வெட்டுவது, வீட்டோடு பேசுவது எல்லாம் அன்றைக்கு. இது தவிர கிறிஸ்துமஸ், அம்மா அப்பா பிறந்தநாள் போன்ற நாட்களிலும் பேசலாம். ஆகவே டிசம்பர் 25 அன்று அவன் உங்களை அழைப்பான். ஜெர்மனியில் மாலை ஆறு மணி என்றால் உங்களுக்குக் காலை பத்து. அந்த நேரத்தை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆள் பிடிக்கிறான் என்று உங்கள் மைத்துனர் சொன்னதும் தவறு. மிஷனரிக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் மாதம் 500 டாலர் அளவில் தங்கள் பக்கத்திலிருந்து கட்டுகிறார்கள். 2020 ஜூலை வரை அது 400 டாலர். மளிகைக் கடையில் இரண்டு கோடை விடுமுறை வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை அவன் இதற்குத்தான் போட்டிருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனைப் பற்றி அது எனக்கு நிறையச் சொல்கிறது. விளையாட்டாகப் போனவன் இல்லை.

டிசம்பர் அங்கே எப்படி இருக்கும்

நீங்கள் கிறிஸ்துமஸ் என்றால் யூட்டாவை வைத்து யோசிக்கிறீர்கள். சால்ட் லேக் சிட்டியில் சபையின் கோயில் வளாகமான டெம்பிள் ஸ்கொயர் விளக்குகள், தெருவெல்லாம் பாட்டு, கதவைத் தட்டி பிஸ்கட் தட்டு கொடுத்துவிட்டுப் போகும் அக்கம்பக்கத்தார். அங்கே அவன் பெரும்பான்மையில் ஒருவன். சாக்சனியில் அவன் யாருக்கும் தெரியாத ஒரு மதத்தின் பெயர்ப்பட்டையைக் கோட்டில் குத்திக்கொண்டு நடக்கிற பழுப்பு நிறப் பையன். நாற்பது ஆண்டு கம்யூனிச ஆட்சியில் இருந்த பகுதி அது. அந்தச் சபையின் கோயில் ஒன்று ஃப்ரைபெர்க் நகரத்தில் 1985-லேயே திறக்கப்பட்டது, ஆனால் வெளிநாட்டு மிஷனரிகளை உள்ளே விட்டது 1989-இல்தான். இன்றைக்கும் அங்கே பெரும்பாலான மக்கள் எந்தச் சபையிலும் இல்லாதவர்கள். கதவை மூடுகிறவர்களுக்கு உங்கள் மகன் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மதம் பேச வருகிற யாருக்கும் அவர்கள் கதவு திறப்பதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது கதவு மூடப்பட்டால், அது தன்னைப் பற்றிய தீர்ப்பு என்று பத்தொன்பது வயதில் தோன்றத்தான் செய்யும்.

அப்புறம் இருட்டு. டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டு மணிக்குப் பிறகுதான் விடிகிறது, மாலை நான்கு மணிக்கு அஸ்தமனம். நடுவிலும் பல நாள் மேகமூட்டம். டெக்சாஸிலும் யூட்டாவிலும் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது புதிது. வெளிச்சம் குறையும்போது தூக்கம் கெடுவதும், மனம் தொய்வதும் மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். விசுவாசக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீங்களே சொல்லலாம். மதியம் வெளிச்சம் இருக்கிற நேரத்தில் வெளியே நடப்பது, தேவைப்பட்டால் அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து வைட்டமின் டி, வெளிச்ச சிகிச்சை விளக்கு பற்றிக் கேட்பது என்று எளிய வழிகள் இருக்கின்றன.

அந்த ஊரில் டிசம்பர் அழகாகவும் இருக்கும், அதுவே வலிக்கவும் செய்யும். எர்ட்ஸ் மலைப்பகுதி வழக்கப்படி ஜன்னல்தோறும் மரத்தில் செய்த வளைவு விளக்கு வைத்திருப்பார்கள். ட்ரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை 1434-இல் தொடங்கியது. அதைப் போலச் சின்ன ஊர்களிலும் சந்தை நடக்கும். எல்லோரும் கையில் சூடான மசாலா ஒயினோடு நிற்பார்கள். இவனுக்கு மது கூடாது, காபி கூடாது, டீயும் கூடாது. குழந்தைகளுக்கான பழரசத்தை வாங்கிக்கொண்டு நிற்கலாம். 24-ஆம் தேதி மதியத்தோடு கடைகள் அடைத்துவிடும், 25-உம் 26-உம் விடுமுறை. அந்த மாலையை ஜெர்மானியர்கள் வீட்டுக்குள், சொந்தக் குடும்பத்தோடு கழிப்பார்கள். தெரு காலியாகிவிடும். வெளியூர்க்காரன் தான் வெளியூர்க்காரன் என்பதை ஆண்டிலேயே அதிகமாக உணர்கிற மாலை அது.

அன்றைக்கும் அவனைக் கதவு தட்ட அனுப்புவார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். பொதுவாக அப்படி இல்லை. கிறிஸ்துமஸை ஒட்டி மிஷனரிகளை ஓரிடத்தில் கூட்டி விருந்து, பாட்டு என்று ஒரு நாள் வைப்பார்கள். 24, 25 தேதிகளில் உள்ளூர்ச் சபைக் குடும்பங்கள் சாப்பாட்டுக்கு அழைப்பதும் வழக்கம். உருளைக்கிழங்கு சாலடும் வேகவைத்த சாசேஜும்தான் பல வீடுகளில் அன்றைய சாப்பாடு. எந்த வீட்டுக்குப் போகிறான் என்று கேட்டு வையுங்கள். தமிழ் வீட்டில் வளர்ந்தவன் பாட்டி தாத்தா இருக்கிற வீட்டில் இயல்பாகிவிடுவான். மொழி முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு சின்ன விஷயம், பார்சல் பற்றி. நெய் போட்ட பலகாரம் அனுப்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்கள் தபாலில் போவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. தனிநபர் அன்பளிப்புக்குச் சுங்க வரிவிலக்கு 45 யூரோ மதிப்பு வரைதான். முறுக்கு, தட்டை, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, கைப்பட எழுதிய கடிதம் போதும். அதைவிட எளிது, ஜெர்மனியிலேயே இயங்கும் இந்திய மளிகைக் கடை ஒன்றின் இணையதளத்தில் ஆர்டர் செய்து அவன் முகவரிக்கு அனுப்புவது. முகவரியை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரக்கூடும்.

ஏக்கமா, நோயா?

இதற்கு உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. வேறுபடுத்திப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன்.

வீட்டு ஏக்கம் அலை மாதிரி வந்து போகும். அழுவான், ஆனால் அடுத்த நாள் யாரோ ஒரு பெரியவருக்கு விறகு அடுக்கிக் கொடுத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வான். சாப்பிடுவான், கோபப்படுவான், உங்கள் சாம்பாரைக் கேட்பான். மனச்சோர்வு நோய் அப்படி விட்டுவிட்டு வராது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இறுகிக் கிடக்கும். தூக்கம், பசி, கவனம் மூன்றும் குலையும். பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது. நீங்கள் சொன்ன அறிகுறிகளில் அழுகை, மெலிவு, தூக்கக் குறைவு மூன்றும் இருக்கின்றன. மூன்று வாரமாக இருக்கின்றன. நோய் என்று நான் முடிவு கட்டவில்லை, ஆனால் ஒரு மனநல மருத்துவரோ ஆலோசகரோ அவனோடு பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதிகள் நிறைந்த வாழ்க்கையில், மனச்சாட்சி மென்மையான சில பையன்களுக்கு ஒரு தனி வகைத் தொல்லை வரும். ஐந்து நிமிடம் தாமதமாக எழுந்ததற்குக் கூடப் பெரும் பாவம் செய்ததாக நினைத்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பார்கள், திரும்பத் திரும்பப் பாவ அறிக்கை செய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதீத பக்தி போலத் தெரியும். உண்மையில் அது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம், சிகிச்சையில் நன்றாகவே குறையும். உங்கள் மகன் "நான் இன்னும் ஒழுங்கா இருந்தா ஜனங்க கேப்பாங்க" என்று சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை யோசிக்க வைத்தது. யாரும் கேட்காததற்குத் தன் ஒழுக்கக் குறைவே காரணம் என்று அவன் நம்ப ஆரம்பித்திருந்தால், அதை மெதுவாக விசாரியுங்கள்.

"நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்ற தொனியில் எதையாவது சொன்னால், பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிட ஆரம்பித்தால், அன்றைக்கே செயல்பட வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரை உடனே அழையுங்கள், எந்த மணியாக இருந்தாலும் சரி. ஜெர்மனியில் அவசர உதவிக்கு 112. உங்கள் பக்கத்தில் ஆலோசனை வேண்டுமென்றால் அமெரிக்காவில் மனநல நெருக்கடி உதவி எண் 988.

மிஷன் தலைவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவரும் அவர் மனைவியும் சொந்த வேலையை விட்டுவிட்டு மூன்று ஆண்டு அங்கே இருப்பவர்கள். மிஷனரிகளுக்கு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்து தர அவர்களுக்கு வழி இருக்கிறது. மிஷன் வாழ்க்கையின் மன அழுத்தத்தைப் பற்றிச் சபையே ஒரு சிறு கையேடு போட்டிருக்கிறது. அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. "நீ இப்போ எந்தக் கலர்ல இருக்கே?" என்று மகனிடம் கேளுங்கள். அழுகிறாயா என்று கேட்டால் மறைப்பான், கலரைச் சொல்வதில் வெட்கம் இருக்காது.

கம்பேனியன் பிரச்சினையையும் தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் பார்வைக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இன்னொருவரோடு இருப்பது, நல்ல நண்பனோடு என்றாலே கடினம். அதைச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. அடுத்த இடமாற்றத்தில் ஜோடி மாறலாம்.

அவன் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று பேச்சை மாற்றியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்த அறையிலேயே கம்பேனியன் உட்கார்ந்திருப்பான். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்: தமிழ். அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை புரியாது. அழைப்பு முழுவதையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவும் பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விடுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததை மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள்.

சொல்லாமல் போய் நிற்பது

23-ஆம் தேதிப் பயணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

மிஷன் காலத்தில் குடும்பத்தார் பார்க்கப் போவதைச் சபை ஊக்குவிப்பதில்லை. அதைத் தெரிந்துதான் அவன் ஒப்புக்கொண்டான். சட்டம் உங்களைத் தடுக்காது, அவன் இருக்கும் ஊரில் ஓட்டல் எடுத்துத் தங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் நீங்கள் வாசலில் நின்றால், கம்பேனியன் பார்க்க, அழைத்த வீட்டார் பார்க்க, அம்மாவா தன் வாக்கா என்று அந்த நொடியில் அவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். உங்களோடு வந்துவிட்டால், அம்மா வந்து இழுத்துக்கொண்டு போனாள் என்ற எண்ணம் அவனுக்கே பல ஆண்டு இருக்கும். வரவில்லை என்றால், அழும் அம்மாவைத் திருப்பி அனுப்பிய குற்ற உணர்ச்சியோடு அந்த இருட்டில் தனியாக இருப்பான். ஏற்கெனவே சோர்ந்திருக்கிறவனுக்கு இரண்டுமே ஆபத்து.

இன்னொரு வழி இருக்கிறது. அவன் திரும்பி வர விரும்புகிறான் என்றோ, மருத்துவ உதவி தேவை என்றோ தெரிந்துவிட்டால், அவனுக்கும் மிஷன் தலைவருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். அவனைத் தனியாக விமானம் ஏற்றுவதைவிட நீங்களோ கணவரோ போய்க் கூட்டிக்கொண்டு வருவது அப்போது நல்லது. எல்லாம் நலமாக முடிந்தால் இரண்டு ஆண்டு நிறைவில் போய் அழைத்துவருகிற பெற்றோரும் உண்டு. அவன் பணிசெய்த ஊரை அவனே சுற்றிக் காட்டுவான்.

பாதியில் திரும்பினால்

தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யூட்டாவில் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. விமான நிலையத்தில் பலூனோடு வரவேற்கிற ஊரில், பத்து மாதத்தில் திரும்புகிறவனுக்குச் சங்கடமான கேள்விகள் வரத்தான் செய்யும். முன்கூட்டியே திரும்பிய மிஷனரிகளைப் பற்றி யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், பெரும்பாலோர் தோற்றுவிட்டதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். இதை மறைக்கக் கூடாது.

ஆனால் நிலைமை முன்பைவிட இலகுவாகியிருக்கிறது. உடல்நலம், மனநலக் காரணத்தால் திரும்புகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை மிஷனைத் தொடரச் சபையில் இப்போது வழி இருக்கிறது. உணவு வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்து, கௌரவமாக முடிக்கலாம். சிகிச்சை எடுத்துக்கொண்டு மறுபடி வெளிநாட்டு மிஷனுக்கே போகிறவர்களும் உண்டு. படிப்பும் கெடாது. மிஷனுக்காகச் சேர்க்கையைத் தள்ளிவைப்பது யூட்டாவின் பல்கலைக்கழகங்களுக்குப் பழகிய நடைமுறை. எந்தப் பருவத்தில் சேரலாம், உதவித்தொகை நிலைக்குமா என்பதை அவன் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி 26 வயது வரை அவன் உங்கள் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். செலவு மிச்சம் என்று நினைத்து இந்த ஆண்டுப் புதுப்பிப்பில் அவன் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

ஊர் என்ன சொல்லும் என்பதைவிட வீடு என்ன சொல்லும் என்பது அவனுக்கு முக்கியம். இப்போது உங்கள் வீட்டில் அவனுக்கு இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. அங்கேயே இருந்தால் அம்மாவுக்கு வருத்தம், திரும்பினால் அப்பாவுக்கு அவமானம். அவன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவரை ஏமாற்றியதாகிறது. இப்படிப்பட்ட நிலையில் யாருக்கும் நேர்மையாக யோசிக்க வராது. ஆகவேதான் கணவரிடம் முதலில் பேசச் சொல்கிறேன். அவர் கடினமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் பயந்தவராகத் தெரிகிறார். கையெழுத்துப் போட்டது அவர். மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் மேல் வரும் என்ற பயத்தைத்தான் "முடிச்சுட்டு வரட்டும்" என்ற வார்த்தைக்குள் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "நீங்க போட்ட கையெழுத்தைப் பத்திப் பேச வரலை" என்று தொடங்குங்கள்.

உங்கள் துக்கம்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மார்கழியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இன்னும் சில நாளில் மார்கழி பிறக்கும். விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்க, பனியில் கோலம் நிற்காது என்று கராஜுக்குள் கோலம் போடுவீர்கள். அவன் சிறுவனாகக் கூடவே உட்கார்ந்து புள்ளி வைத்திருக்கிறான். இந்த ஆண்டு தீபாவளிக்கும் அவன் இல்லை, பொங்கலுக்கும் இருக்க மாட்டான். "அவன் ஊரை விட்டுப் போனது பெரிதில்லை, எங்கள் சாமியை விட்டுப் போய்விட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தத் துக்கம் உண்மையானது. அதற்கு இடம் கொடுங்கள். ஆனால் அது உங்களுடைய துக்கம், அவனுடைய நோய்க்குறி இல்லை. அவனைத் திரும்ப அழைக்க நினைப்பதில் அவன் நலனுக்காக எவ்வளவு, இந்தத் துக்கம் ஆறுவதற்காக எவ்வளவு என்று நீங்கள்தான் பிரித்துப் பார்க்க முடியும். சிகிச்சை தேவைப்பட்டால் அவன் வருவான். வந்தாலும் மார்மனாகவே வரக்கூடும். அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். சவுத் ஜோர்டானில் கணேசர் கோயில் இருக்கிறது, அங்கே வரும் தமிழ்க் குடும்பங்களில் நம்பகமான ஒருவரிடமாவது பேசுங்கள். யூட்டாவில் இந்த மதம் சாராத ஆலோசகர்களும், மார்மன் குடும்பங்களை நன்றாக அறிந்த ஆலோசகர்களும் நிறைய இருக்கிறார்கள். உங்களுக்காக ஒருவரைப் பாருங்கள். மூன்று வாரம் தூங்காமல் இருப்பது நீங்களும்தான்.

மகனிடம் கோயிலைப் பற்றியும் கோலத்தைப் பற்றியும் பேசக் கூடாது என்று நினைத்து நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். கோலத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த விளக்கமும் எழுதாமல். பொங்கல் அன்று பேச முடியுமா என்று அவனையே மிஷன் தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு முக்கியமான நாள் என்று சொன்னால் சம்மதிக்க வாய்ப்புண்டு.

இந்த வாரத்துக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறுக்குள் கணவரிடம் விமான டிக்கெட் விஷயம் உட்பட எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். ஞாயிறு அன்று உங்கள் பகுதிச் சபையின் தலைவரான பிஷப்பிடம் மிஷன் தலைவரின் நேரடித் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். திங்கட்கிழமை அழைப்பில் இருவரும் சேர்ந்து உட்காருங்கள். இருக்கிறாயா, வருகிறாயா என்ற கேள்வியைத் தமிழில் கேளுங்கள். அன்றைக்கே பதில் சொல்ல வேண்டாம், அடுத்த திங்கள் வரை யோசி என்று சொல்லுங்கள். ஆனால் தூக்கம், சாப்பாடு, மனநிலை பற்றி மருத்துவரிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அதற்காகத் தலைவரிடம் செவ்வாய்க்கிழமையே கேட்கச் சொல்லுங்கள். அவன் கேட்கத் தயங்கினால், அவனிடம் சொல்லிவிட்டு நீங்களே அழையுங்கள்.